படித்தவர்களின் துவேஷம்

கல்லூரியில் எங்களுக்கு ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் நகர வணிகன்' பாடமாக இருந்தது. ஆங்கிலப் பேராசிரியர் நல்ல நடிகர். முதுகைக் கூனிக்கொண்டு, கண்களை இடுக்கி, கைகளைப் பிசைந்தபடி அவர் ஷைலக்காகவே மாறிவிடுவார். நீதிமன்றக் காட்சியில் ஷைலக் பொருளை இழந்து, மதம் மாறும்படி கட்டாயப்படுத்தப்பட்டு வெளியேறும்போது வகுப்பு முழுவதும் கைதட்டிச் சிரித்தது. நானும் சிரித்தேன். தனக்கும் மற்றவர்களைப்போல் உடலும் உணர்ச்சியும் இல்லையா என்று அவன் கேட்கும் இடத்தை நாங்கள் நெட்டுருப் போட்டோம். 'சந்தர்ப்பம் கூறி விளக்குக' என்ற கேள்விக்கு உதவும் பகுதி அல்லவா அது!

எங்களில் ஒருவன்கூட அதுவரை ஒரு யூதரைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும், கடன்காரனைக் கசக்கிப் பிழியும் லேவாதேவிக்காரன் யாரையேனும் பற்றிப் பேச்சு வந்தால், 'அவன் சரியான ஷைலக்' என்று சொல்லப் பழகிவிட்டோம்.

பல ஆண்டுகள் கழித்துத்தான் ஒரு சரித்திர உண்மை எனக்குத் தெரிந்தது. 1290-ல் முதலாம் எட்வர்டு மன்னர் யூதர்களை இங்கிலாந்தை விட்டே வெளியேற்றிவிட்டார். 1656-ஐ ஒட்டித்தான் அவர்கள் மறுபடியும் அங்கே வெளிப்படையாக வாழ முடிந்தது. ஷேக்ஸ்பியர் இந்த நாடகத்தை எழுதியதோ 1590-களின் பிற்பகுதியில். அன்று நாடகக் கொட்டகையில் உட்கார்ந்து ஷைலக்கை வெறுத்தவர்களில் பெரும்பாலோர், யூதர் என்று அறிந்து ஒருவரோடும் பழகியிராதவர்கள். எங்களைப் போலத்தான்!

இதை எண்ணும்போது மனம் திடுக்கிடுகிறது. ஒருவரை வெறுப்பதற்கு அவர் நமக்குத் தீங்கு செய்திருக்க வேண்டியதில்லை. அவர் நம் எதிரில் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. அவரைப் பற்றிய கதை ஒன்று இருந்தால் போதும்.

கல்வி பரவினால் இத்தகைய துவேஷம் தானே மறையும் என்று நாம் நம்புகிறோம். விளக்கு வந்தால் இருள் போகும் என்பது போல. ஆனால் யூத துவேஷத்தின் வரலாறு இந்த நம்பிக்கைக்கு ஆதரவாக இல்லை. 1879-ல் பெர்லின் சர்வகலாசாலையின் புகழ் பெற்ற சரித்திரப் பேராசிரியர் டிரைட்ஷ்கே, யூதர்களே ஜெர்மனிக்கு வந்த துரதிருஷ்டம் என்ற பொருள்பட ஒரு கட்டுரை எழுதினார். தெருச் சண்டைக்காரன் சொல்லியிருந்தால் கௌரவமான குடும்பங்கள் முகம் சுளித்திருக்கும். பேராசிரியர் சொன்னதால் அது சிந்தனை ஆகிவிட்டது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு நாஜிப் பத்திரிகை ஒன்று அதே வாசகத்தைத் தன் முதல் பக்கத்தில் பொறித்து வந்தது.

அவருடைய சகாவான தியோடர் மாம்ஸென், பின்னாளில் இலக்கியத்துக்காக நோபல் பரிசு பெற்ற பேரறிஞர், 1880-ல் அவரைப் பகிரங்கமாக எதிர்த்து எழுதினார். ஆனால் அந்த மாம்ஸெனே வயோதிகத்தில் மனம் தளர்ந்து, தர்க்கம் பேசி யூத துவேஷியைத் திருத்த முடியும் என்று எண்ணுவது தவறு என்று சொல்லிவிட்டார்.

1933 மே 10-ம் தேதி இரவு பெர்லின் சர்வகலாசாலைக்கு எதிரே இருந்த சதுக்கத்தில் புத்தகங்களைக் கொளுத்தியவர்களும் எழுத்தறியாதவர்கள் அல்லர். அந்தக் காரியத்தை ஏற்பாடு செய்தது ஜெர்மன் மாணவர் சங்கம். யூதராகப் பிறந்த கவி ஹைனேயின் நூல்களும் அந்தத் தீயில் விழுந்தன. புத்தகத்தின் அருமை தெரிந்தவர்கள்தாம் அதைத் தேடிப் பிடித்துக் கொளுத்த முடிந்தது.

இது பழங்கதை என்று தள்ளிவிட முடியுமானால் எவ்வளவோ நிம்மதி. 2017 ஆகஸ்டில் அமெரிக்காவின் வர்ஜீனியா சர்வகலாசாலை வளாகத்தில் இளைஞர்கள் தீப்பந்தம் ஏந்தி, யூதர்கள் தங்கள் இடத்தைப் பிடிக்க விடமாட்டோம் என்று கோஷமிட்டு ஊர்வலம் போனார்கள். 2023 அக்டோபர் 7-ல் ஹமாஸ் இயக்கத்தினர் இஸ்ரேலுக்குள் புகுந்து ஏறத்தாழ 1,200 பேரைக் கொன்று, சுமார் 250 பேரைப் பிணையாகப் பிடித்துச் சென்றனர். அதைத் தொடர்ந்து நடந்த யுத்தத்தில் காஸாவில் பல்லாயிரக்கணக்கானோர் மாண்டனர். அவர்களில் குழந்தைகள் எத்தனை எத்தனை! அந்த அக்டோபர் மாதத்திலேயே கார்னெல் சர்வகலாசாலை மாணவன் ஒருவன், யூத மாணவர்கள் கூடிச் சாப்பிடும் உணவு விடுதியில் சுடப்போவதாக மிரட்டல் எழுதினான். மறு ஆண்டு அவனுக்கு 21 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

அந்த உணவு விடுதியை நினைத்துப் பாருங்கள். தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்கும் பதினெட்டு வயதுப் பெண் காஸாவின்மீது என்ன குண்டு போட்டாள்? எந்த மந்திரி சபையில் உட்கார்ந்து வாக்களித்தாள்?

காஸாவிலிருந்து வந்த படங்களைப் பார்த்து எனக்கும் நெஞ்சு கொதித்தது. அந்தக் கொதிப்பு நியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன். ஓர் அரசாங்கத்தின் செயலைக் கண்டிப்பது அதன் கீழ் வாழும் மக்களை வெறுப்பதாகாது. 2024-ல் அமெரிக்கக் கல்லூரிகளில் கூடாரம் அடித்துப் போராடிய மாணவர்களிடையே யூத இளைஞர்களும் இருந்தார்கள். கண்டனம் செய்த ஒவ்வொருவரையும் யூத துவேஷி என்று முத்திரை குத்துகிறவர்கள், உண்மையான துவேஷி தப்பித்துக்கொள்ள வழி செய்துவிடுகிறார்கள். அதோடு, ஒரு விசித்திரத்தையும் கவனியுங்கள். 'யூதர் என்றால் இஸ்ரேல் அரசாங்கம்' என்று துவேஷி கணக்குப் போடுகிறான். அவ்வரசாங்கத்தை ஏசியவர் யூதர் அனைவரையும் ஏசிவிட்டார் என்று கூறுகிறவரும் அதே கணக்கைத்தான் போடுகிறார்.

அப்படியானால் கோபத்தையும் துவேஷத்தையும் எப்படிப் பிரித்தறிவது? எனக்குத் தெரிந்த உரைகல் ஒன்றுதான். 'இந்த மனிதர் என்ன செய்தார்?' என்று கேட்டுப் பார்க்க வேண்டும். இதற்கு விடை உண்டானால் அது கோபம். வாதாடலாம், தண்டனையும் கேட்கலாம். 'அவர் இன்னாராகப் பிறந்தார்' என்பது மட்டுமே விடையானால் அது துவேஷம். எவ்வளவு உயர்ந்த கொள்கையின் பெயரால் வந்தாலும் அது துவேஷமே. பக்கத்து அறை மாணவனை, நீ முதலில் உன் இனத்தாரைக் கண்டித்துவிட்டு வா, பிறகு உன்னோடு பேசுகிறேன் என்று நிறுத்தி வைப்பதும் அந்த வகையைச் சேர்ந்ததுதான்.

அடையாளம் கண்டுகொண்ட பிறகு எதிர்ப்பது எப்படி? கொலை மிரட்டலுக்குச் சட்டம் இருக்கிறது. தர்க்கத்தால் பயன் இல்லை என்று மாம்ஸென் சொல்லிவிட்டார். ஆனால் துவேஷியைத் திருத்துவதுதானா நம் வேலை? வகுப்பில் ஒருவன் துவேஷியாக இருந்தால், வாய் பேசாமல் உட்கார்ந்திருப்பவர்கள் ஐம்பது பேர். விஷயம் அந்த ஐம்பது பேரிடம்தான் இருக்கிறது.

1930-களில் போலந்து நாட்டுக் கல்லூரிகளில் யூத மாணவர்களுக்கென்று வகுப்பறையில் தனி பெஞ்சுகளை ஒதுக்கினார்கள். 1935-ல் லுவோவ் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் ஆரம்பித்த இந்த வழக்கத்துக்கு 1937-ல் கல்வி மந்திரி அலுவலகமே இடம் கொடுத்துவிட்டது. யூத மாணவர்கள் பலர் அந்தப் பெஞ்சுகளில் உட்கார மறுத்தார்கள். உட்காராமலேயே பாடம் கேட்டார்கள். அதற்காக அடியும் பட்டார்கள். அவர்களோடு யூதரல்லாத மாணவர்கள் சிலரும் எழுந்து நின்றார்கள். பேராசிரியர் சிலர், மாணவர்கள் நிற்கையில் தாங்கள் உட்கார மாட்டோம் என்று நின்றபடியே பாடம் நடத்தினார்கள். அதே லுவோவ் நகரச் சர்வகலாசாலையின் தலைவர் குல்சின்ஸ்கி, தனிப் பெஞ்சு உத்தரவில் கையெழுத்திட மனமின்றி, 1938 ஜனவரியில் பதவியை உதறினார்.

அவர்களால் பெஞ்சுகளை அகற்ற முடியவில்லை. பின்னால் வந்த பேரழிவையும் தடுக்க முடியவில்லை. ஆனால் அந்த வகுப்பறையில் கால் கடுக்க நின்ற ஒரு யூத மாணவன் பக்கத்தில் திரும்பிப் பார்த்தபோது, நிற்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லாத ஒருவன் தன்னோடு நிற்பதைக் கண்டிருப்பான். அவனுக்கு அது எவ்வளவு பெரிய காரியமாக இருந்திருக்கும்!

எங்கள் வகுப்பில் யூத மாணவன் யாரும் இல்லை. இருந்திருந்தால், பேராசிரியர் கைகளைப் பிசைந்து காட்டியபோது அவன் எங்கே பார்த்திருப்பான்? நான் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பேன் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாரும் சிரிக்கும்போது சிரிக்காமல் இருக்க, அன்று யாரும் எனக்குக் கற்றுக் கொடுத்திருக்கவில்லை. அந்தப் பாடத்தில் எனக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது.