மாதவியின் மேல் பழி



கோவலன் யாரால் கெட்டான் என வினவின், மாதவியால் என்று கூறுதல் நம்மவர் வழக்கமாயிற்று. தெருக்கூத்திலும் அவளே வஞ்சகி. அவளே பொருளாசை பிடித்தவள். பழியைப் பெண்ணின் தலையில் ஏற்றிவிட்டால் ஆடவர் நிம்மதியாக வீடு திரும்பலாம் அன்றோ? இளங்கோவடிகள் கூறுவதோ வேறு.

மாதவியின் மாலையை ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் கொடுத்து வாங்கியவன் கோவலன். தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தில் இறங்கி, அது 2001இல் மூடப்படும் வரை பாறையோடு போராடிய குடும்பத்தார்க்கு ஒரு கழஞ்சின் அருமையை நாம் உரைக்க வேண்டுவதில்லை. அவன் ஈட்டாத பொன் அது, குலத்தின் பொன். மணந்த மனைவியை மறந்து மாதவியிடமே தங்கினான். பின்னர்ப் புகார்க் கடற்கரையில், அவள் பாடிய பாட்டில் வேறொருவன்மேல் நினைவு உண்டென ஐயுற்று, அவளையும் விட்டெழுந்தான். முதலில் அவ்வாறு பாடியவன் தானே என்பதை எண்ணினானில்லை. தாழை மடலில் அவள் எழுதியனுப்பிய ஓலையையும் ஏற்க மறுத்து, ஆடல்மகளின் அன்பெல்லாம் நடிப்பு என்றான். ஒரே மனிதன் இரு பெண்களுக்கும் துரோகியானான்.

அவன் வருந்தவில்லையா? வருந்தினான். ஆனால் வீடு திரும்பிக் கண்ணகியிடம் அவன் கூறிய முதற் சொற்களை நோக்குமின்: வஞ்சம் பொருந்திய ஒருத்தியோடு கூடியதனால் முன்னோர் தேடிய செல்வம் தொலைந்ததாம், அவ்வறுமையே தனக்கு நாணந் தருகிறதாம். கண்ணகியின் கண்ணீர் அதில் இல்லை. அவளோ, மாதவிக்குக் கொடுக்கப் பொருளில்லை போலும் என்றெண்ணிச் சிலம்பு இருக்கிறது, கொள்க என்றாள்! இதைப் படிக்குந்தோறும் நமக்கு நெஞ்சு பதறுகிறது.

தந்தையைக் கொன்ற அஜாதசத்துரு பகவன் புத்தரிடம் வந்து தன் குற்றத்தை ஒப்பினான். குற்றத்தைக் குற்றமென்று கண்டு, ஒப்பி, இனி அடங்கி நடத்தலே ஆரியர் ஒழுக்கத்தில் வளர்ச்சி என்றார் பகவன். செய்ததை எண்ணியெண்ணி மனம் புழுங்குவதையோ ஐந்து தடைகளுள் ஒன்றன்பாற் சேர்த்தார். அப்புழுக்கம் ஆறுவதற்குப் பிறர்மேல் பழி தேடும்; மனைவியை அடிக்கும்; கள்ளுக்கடைக்கும் போகும்.

மதுரை செல்லும் வழியில் மாதவியின் இரண்டாம் ஓலை கோசிகன் கையால் வந்தது. அப்போதுதான், தீது அவளுடையதன்று, தன்னுடையதே எனக் கோவலன் தெளிந்தான். எனினும் அவ்வோலையின் சொற்கள் தன் பெற்றோர்க்கும் பொருந்துமெனக் கண்டு அவர்களிடம் சேர்ப்பிக்கச் சொன்னான். மாதவிக்கென்று ஒரு மறுமொழி விடுத்ததாகக் காப்பியம் கூறவில்லை. மதுரையில் ஆயர் மனையில் உண்டபின்னரே, கண்ணகி பட்ட துயருக்காக வாய்விட்டு வருந்தினான். அவளும் மறைக்கவில்லை; போற்றத் தகாத ஒழுக்கத்தை நீர் மேற்கொண்டீர் என்று முகத்துக்கு நேரே உரைத்தாள். துறவியரைப் பேணவும் விருந்தினரை ஏற்கவும் தான் இழந்த நாட்களைச் சொன்னாள். கற்பென்றால் வாய் மூடியிருத்தல் என்போர் இவ்விடத்தைப் படித்ததில்லை போலும். அன்று பிரிந்து கடைவீதிக்குச் சென்றவன் மீளவில்லை.

கோவலன் கொலையுண்ட செய்தி மாதவியை எட்டியது. அவள் யாரையும் பழிக்கவில்லை. அறவணவடிகள்பால் சென்று நால்வகை வாய்மையும் ஐவகைச் சீலமும் பெற்றாள். இந்திர விழாவில் ஆட வருமாறு தாய் சித்திராபதி வயந்தமாலையை ஏவியபோது, மணிமேகலையை அத்தொழிலுக்கு விடேன் என மறுத்தாள். அதற்கு அவள் கூறிய காரணம் யாது? மணிமேகலை தன் மகளென்று கூறவில்லை. மாபத்தினியாகிய கண்ணகியின் மகள் என்றாள்.

மணிமேகலையும் அச்சொல்லின்படியே வஞ்சி நகர் சென்று, கண்ணகி கோட்டத்தில் அப்படிமத்தின்முன் தாயெனத் தொழுது நின்றாள்.