அம்மாவின் பல்லும் நமது அவசரமும்



சில ஆண்டுகளுக்கு முன், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஓர் இளைஞர் என்னைத் தேடி வந்தார். கொழும்பில் கடையொன்றில் வேலை. தங்கைக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. "அம்மாவுக்கு மிச்சம் இருக்கிறதே ஆறேழு பல்லுதான் சாமி. எல்லாத்தையும் எடுத்திட்டு பல் செட்டு கட்டிடலாம்னு சொன்னா மாட்டேங்குறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க" என்றார்.

நான் சொன்னேன். அந்தத் தாயும் கேட்டார். எப்படிக் கேட்டார்? நாற்பது வருடம் கொழுந்துக் கூடை சுமந்த அந்த அம்மா எழுந்து நின்று, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "சரிங்க சாமி" என்றார். கங்காணிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் துரைக்கும் சொல்லிப் பழகிய அதே "சரிங்க". அதைச் சம்மதம் என்று எண்ணிக்கொண்டு நான் திரும்பினேன்.

பற்கள் எடுக்கப்பட்டன. ஈறு ஆறும்வரை கஞ்சியும் தேத்தண்ணியில் நனைத்த பாணுமே ஆகாரம். பின்பு செட்டு வந்தது. கலியாணப் படத்தில் அம்மா முத்துப்போலச் சிரிக்கிறார். அதற்குப் பின் அந்தச் செட்டு பிஸ்கட் டின்னுக்குள் போய்விட்டது. ஒருநாள் லயத்துக்குப் போயிருந்தபோது அவர் மெல்லச் சொன்னார்: "கீழ்க் கடவாயில ரெண்டு பல்லு ஆடாம நின்னுச்சுங்க. அத வச்சுத்தான் ரொட்டி கடிச்சேன். அத மட்டும் விடலாமான்னு டொக்டர்கிட்ட கேக்க நெனச்சேன். நீங்களே சொன்னப்புறம் எப்படிங்க சாமி கேக்குறது?"

அன்றிலிருந்து என்னை உறுத்தும் கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். பெற்றோரை மதித்து நடக்க வேண்டும் என்பது நான்காம் கட்டளை. அவர்களுடைய நன்மைக்காக, அவர்களைக் கேளாமலே நாம் தீர்மானம் செய்வது மதிப்பாகுமா?

"நல்லதைத்தானே செய்தோம்" என்று மகன் சொல்லலாம். நானும் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் சீராக் ஆகமத்தின் 3-ம் அதிகாரம், முதிய தந்தையை ஆதரிக்கும்படி சொல்வதோடு நிற்கவில்லை. அவருடைய அறிவே மங்கிப்போனாலும் அவரை இழிவாக நடத்தலாகாது என்றும் எச்சரிக்கிறது. அறிவு மங்கியவருக்கே அந்த மரியாதை உரியதென்றால், தெளிந்த புத்தியுள்ள தாயின் வாயைப்பற்றி அந்தத் தாயிடமே கேட்காமலிருப்பது எப்படி நியாயமாகும்?

அப்படியானால் "அம்மா இஷ்டம்" என்று கைகழுவி விடலாமா? அதுவும் தவறு. சொத்தைப் பல்லில் சீழ் கட்டி, இரவெல்லாம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் தாயை அப்படியே விடுவது மரியாதை அல்ல, அலட்சியம். பயத்தினால் "வேண்டாம்" என்பவருக்குப் பயத்தைப் போக்க வேண்டும். நாள் சம்பளம் போய்விடுமே என்று "வேண்டாம்" என்பவருக்கு அந்தக் குறையை ஈடுசெய்ய வேண்டும். காரணத்தை அறிந்த பிறகே அறிவுரை.

அடுத்து, யாருடைய தேவைக்காக இந்தப் பல் என்று நம்மையே கேட்போம். அம்மா ரொட்டி மெல்லவா, அல்லது சம்பந்தி வீட்டார் முன் நாம் கூசாமல் இருக்கவா? முகம் நன்றாயிருக்க வேண்டும் என்ற ஆசை பாவமன்று; அம்மாவுக்கும் அந்த ஆசை இருக்கலாம். நம்முடைய வெட்கத்தை அவர் வாயில் பொருத்துவதுதான் தவறு. 1927 நவம்பரில் இலங்கை வந்து, நமது பதுளையிலும் பேசிய காந்தியடிகள், பிற்காலத்தில் சாப்பிடும்போது மட்டும் பொய்ப்பல் அணிந்துவிட்டு மற்ற நேரம் கழற்றி வைத்துவிடுவார். அவருடைய பொக்கைவாய்ச் சிரிப்பை உலகம் குறையாகக் கொள்ளவில்லையே!

இதே பொய்ப்பல்லுக்கு மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜோர்ஜ் வாஷிங்டன் 1789-ல் பதவியேற்றபோது அவருக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சொந்தப் பல். யானைத் தந்தத்தோடு மனிதப் பற்களும் சேர்த்துச் செய்த செட்டுகளை அவர் அணிந்தார். அவருடைய தோட்டத்து 1784-ம் ஆண்டுக் கணக்கில், அடிமைகளிடமிருந்து 9 பற்கள் வாங்க 122 ஷில்லிங் கொடுத்ததாக ஒரு பதிவு இருக்கிறது. "மாட்டேன்" என்று சொல்ல முடியாதவரின் வாயிலிருந்து எடுத்த பற்கள்! இன்று பல் அக்ரிலிக்கில் ஆகிறது. யாருடைய பல்லையும் பறிக்க வேண்டியதில்லை. ஆனால் "மாட்டேன்" என்று சொல்ல முடியாத வாய்கள் நம் லயங்களில் இன்னும் இருக்கின்றன. அந்த அம்மாவின் "சரிங்க"வை நினைக்கும்போது எனக்கு அந்தக் கணக்குப் புத்தகம்தான் நினைவுக்கு வருகிறது.

ஆகவே உண்மையைச் சொல்லுங்கள். "ஒரே நாளில் முடிந்துவிடும்" என்று ஆறுதலுக்காகச் சொல்லும் பொய், முதல் வாரத்திலேயே வெளியாகிவிடும். பிறகு அவர் எதையும் நம்பமாட்டார். பல் எடுத்தபின் ஈறும் எலும்பும் ஆறப் பல வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் ஆகும். அச்சு எடுக்கவும் கடி பார்க்கவும் பொருத்திப் பார்க்கவும் பலமுறை போகவேண்டும். புதிதில் எச்சில் ஊறும், பேச்சுக் குழறும், கீழ்ச் செட்டு நழுவும், ஓரம் பட்டுப் புண்ணாகும். புண்ணானால் டின்னுக்குள் போடாமல் டொக்டரிடம் திரும்பப் போனால் தேய்த்துச் சரிசெய்வார். முதலில் மெதுவான சோறு, சிறு துண்டுகள், இரு பக்கமும் மெல்லுதல், ரொட்டி பிறகு. உறுதியான பல் ஒன்றிரண்டு இருந்தால் அவற்றை விடலாமா என்பதை முன்கூட்டியே கேட்க வேண்டும். சில வேளை அவையே செட்டுக்குப் பிடிமானமாகும்.

வெற்றிலையைப்பற்றியும் அன்போடு பேசுங்கள். குளிரிலும் மழையிலும் மலையில் துணையிருந்தது அதுவே என்பதை மறக்கவேண்டாம். ஆனாலும் பாக்கும் புகையிலையும் புற்றுநோயைத் தருபவை. நம் நாட்டு ஆண்களிடையே முதலிடத்திலுள்ள புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே. மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணோ, வெள்ளை சிவப்புத் திட்டோ, வாய் திறக்கச் சிரமமோ இருந்தால், செட்டுக்கு முன் அதைக் காட்டவேண்டும். அப்பாவுக்கும் இது பொருந்தும்.

செட்டு வந்தபின் நமது கடமை முடிவதில்லை. இரவில் அதைக் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். கொதிநீர் பட்டால் கோணிவிடும். ஒற்றை அறைக் காம்பிராவில் பேரப்பிள்ளைகள் எதிரே வாயைக் கழற்றி வைக்க எந்தத் தாய்க்கும் கூச்சமிருக்கும். மூடியுள்ள ஒரு கிண்ணமும், திரும்பி நின்று கழுவ ஒரு மூலையும், சிரிக்காத பிள்ளைகளும் போதும். இவற்றுக்குப் பெரிய செலவில்லை.

அந்த அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சாமி" என்று சிரித்தார். போன பற்கள் போனவைதான். மன்னிப்பினால் அவை முளைக்கவில்லை. ஆனால் மகன் அவரை மறுபடி கூட்டிப்போய்ச் செட்டைச் சரிசெய்து கொடுத்தார். இம்முறை டொக்டரின் கேள்விகளுக்கு மகன் வாய் திறக்கவில்லை. அம்மாவே பதில் சொன்னாராம்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பொக்கைவாய் இருக்கலாம். இன்று மாலை அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "பல் கட்டலாமா?" என்று தொடங்காதீர்கள். "உங்களுக்கு எதை மென்று தின்ன ஆசையாயிருக்கிறது?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள்.