நிறம் யாருக்கு உரியது?

உருவமற்ற ஓவியம் உழைக்கும் மக்களுக்கு எதற்கு என்ற கேள்வி முற்போக்காளரிடையே நெடுங்காலமாக எழுந்துவருவதாகும். மாங்குளம் போன்றதோர் ஊரில் அக்கேள்வி மேலும் கூர்மை பெறுகின்றது. போரினால் 1990 இல் நின்றுபோன புகையிரதம் 2013 இலேயே திரும்பிவந்த ஊர் இது. இங்குள்ள மாணவன் ஒருவன் இடிந்த வீட்டையும் அகதிக் கூடாரத்தையும் வரைந்தால் மெச்சுகின்றோம். வெறும் நிறங்களைத் தீட்டினாலோ, பட்ட துன்பத்தை மறந்துவிட்டானோ என்று ஐயுறுகின்றோம். இந்த ஐயம் நியாயமானதா?

தமிழகத்து ஓவியர் கே. எம். ஆதிமூலத்தின் வாழ்வு இதற்கு விடைதேட உதவும். 1938 இல் திருச்சி மாவட்டத்துக் கீரம்பூரிற் பிறந்து, 1960 களில் சென்னை ஓவியக் கல்லூரியிற் பயின்றவர் அவர். காந்தி நூற்றாண்டான 1969 இல், கறுப்புக் கோடுகளைக் கொண்டே காந்தியடிகளைப் பல கோலங்களில் வரைந்து புகழ்பெற்றார். பின்னர் எண்ணெய் வண்ணத்தில் அரூப ஓவியத்தை நாடினார். ஒரு நிறத்தின்மேல் மற்றொன்றைத் தடித்துப் பூசி, அடுக்கடுக்காகப் படியவைத்தார். அத்துணிகளில் மனிதர் இல்லை, மரம் இல்லை. ஆயினும் நிலமும் நீரும் வெளியும் பெயரின்றி நிற்பதை உணரலாம்.

காந்தியை விட்டு நிறத்துக்குச் சென்றவர் மக்களையும் விட்டுச் சென்றாரா? இல்லை என்பதற்கு அவர் கைவேலையே சான்று. சிற்றேடுகளுக்கும் நூல் முகப்புகளுக்கும் அவர் தொடர்ந்து வரைந்தார். கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு அவர் வரைந்த கோட்டோவியங்கள் வாரப் பத்திரிகை வழியாகச் சாதாரண வாசகரின் கைக்கே சென்றன. 2008 இல் மறையும்வரை மக்களுக்கான கோடும் தமக்கான நிறமும் அவரிடம் பகைகொள்ளவில்லை.

எனினும் நமது ஐயத்துக்குக் காரணமே இல்லை என்று கூறுவதற்கில்லை. அமெரிக்க ஓவியர் ஜக்சன் பொலொக் (1912–1956) துணியை நிலத்தில் விரித்து, அதைச் சுற்றி நடந்தபடி, தடியினாலும் காய்ந்த தூரிகையினாலும் வண்ணத்தைச் சொட்டவிட்டவர். வண்ணத்தை ஊற்றியும் தெளித்தும் பார்க்கும் சோதனைகளை அவர் 1936 இல் கண்டதோ, மெக்சிக்கோவின் கம்யூனிஸ்ட் ஓவியர் சிக்கெய்ரோஸ் நியூயோர்க்கில் நடத்திய பட்டறையில். பொருளாதார மந்தத்தின் ஆண்டுகளில் அவருக்குச் சோறிட்டது அரசின் நிவாரண வேலைத்திட்டம். அவ்வாறிருந்தும் பனிப்போர்க் காலத்தில் இவ்வகை ஓவியம் அமெரிக்கச் சுதந்திரத்தின் விளம்பரமாக நாடுதோறும் கொண்டுசெல்லப்பட்டது. அக்காலப் பண்பாட்டுப் பிரசாரத்தில் முன்னின்ற ‘பண்பாட்டுச் சுதந்திரக் காங்கிரஸ்’ சி.ஐ.ஏ.யின் பணத்தில் இயங்கியமை 1967 ஆம் ஆண்டளவில் அம்பலமாயிற்று. செல்வரின் வரவேற்பறைச் சுவருக்கு, கேள்வி எதுவும் கேட்காத ஓவியம் வசதியானது என்பதும் மெய்யே.

ஆனால் களவாடியவனின் குற்றத்தைக் களவுபோன பொருளின்மேற் சுமத்தலாமா? தொழிலாளர் பக்கம் நின்ற ஓர் ஓவியரின் பட்டறையில் வளர்ந்த உத்தி செல்வரின் சுவருக்குப் போயிற்றெனில், அதை மீட்பதன்றோ நம் கடன்? விலக்கிவைத்தால் அது அவர்களுக்கே நிலைத்துவிடும்.

துன்புற்றவரிடம் சாட்சியம் மட்டுமே கேட்பதும் ஒருவகை அநீதியே. கொழும்பிலும் சென்னையிலும் இருப்பவன் நிறத்தோடு விளையாடலாம். வன்னியிற் பிறந்தவன் மட்டும் தன் காயத்தையே திரும்பத் திரும்ப வரையவேண்டும் என்பது எவ்வகைச் சமத்துவம்? சாட்சியம் வேண்டும், அதை மறைப்பவரை எதிர்க்கவும் வேண்டும். ஆயின் அது வரைபவனின் விருப்பத்திற் பிறக்கவேண்டும். பார்வையாளனின் கட்டளையில் அன்று. மாணவன் தீட்டிய சிவப்பு குருதியாக இருக்கலாம். வெறும் சிவப்பாகவும் இருக்கலாம். அதைத் தீர்மானிக்கும் உரிமை அவனுடையது.

ஆகவே சித்திர ஆசிரியர்கள் அவனிடம் “இது என்ன?” என்று கேட்பதற்கு முன் பெரிய தாளும் போதிய வண்ணமும் கிடைக்கச் செய்யட்டும். வறிய பாடசாலைகளுக்கு அவற்றைக் கேட்டுப் பெறுவதும் மக்கள் கலைக்கான போராட்டமே.