ஒரு பிறை, இரண்டு வருஷம்

2025 மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை காலை, ஓசூரில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாள் சிறு வெள்ளிக் கிண்ணத்தில் வேப்பம்பூவும் வெல்லமும் கலந்து நீட்டி, "யுகாதி, எடுத்துக்கோங்க" என்றபோது, கன்னடம் பேசும் அந்த வீட்டில் விசுவாவசு வருஷம் பிறந்துவிட்டிருந்தது. ஒரு சுவர் தள்ளியிருந்த எங்கள் வீட்டிலோ முந்தைய குரோதி வருஷத்துக்கு இன்னும் 15 நாள் ஆயுள் மிச்சமிருந்தது. அவர்களுடைய சாந்திரமானம் அமாவாசை கழிந்த பிரதமையையே ஆதியாகக் கொள்ள, எங்கள் சௌரமானம் சூரியன் மேஷத்தில் பிரவேசிக்கும்வரை காத்திருக்கிறது. ஆயினும் வருஷங்களின் அறுபது நாமங்களும் இரண்டுக்கும் பொதுவே.

அப்படியானால் வருஷம் மெய்யாகப் பிறந்த க்ஷணம் எது?

அன்று மாலை, பிறையைச் சூடியவர் என்ற பொருளிலேயே பெயர் கொண்ட சந்திரசூடேசுவரரின் மலைக்கு அப்பால் நகக்கீற்றுப்போல் ஒரு பிறை தெரிந்தது. அதைக் கண்டு மசூதித் தெருவினர் மறுநாள் ரம்ஜான் கொண்டாடினார்கள். அதற்கடுத்த நாள், ஏப்ரல் 1, சிப்காட் ஆலைகளில் புதுக்கணக்குத் திறந்தது. காலத்துக்கு ஜன்மமில்லை, தொடங்கவேண்டும் என்ற தாகம் மனிதனுக்கே உரியது, அந்தத் தாகத்துக்கு இறைவன் ஒரே வாசலை வைக்கவில்லை என்றே நான் மனமார நம்புகிறேன்.

சித்திரை முதல் நாள், வேப்பம்பூ தூவிய மாங்காய்ப் பச்சடியுடன் நாங்கள் அந்த அம்மாளின் கதவைத் தட்டினோம்.