பலியாடும் புதுப் பயிற்சியாளரும்

தோற்றுக்கொண்டே போகும் கால்பந்து கிளப் புதுப் பயிற்சியாளரைத் தேடும்போது, பாவத்தை யார் சுமப்பது என்ற பழைய சமயக் கேள்வியும் கூடவே எழுகிறது. வேதாகமத்தின் லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தில், ஆசாரியனான ஆரோன் உயிருள்ள ஆட்டின் தலையில் இரண்டு கைகளையும் வைத்து, மக்களின் அக்கிரமங்களை அறிக்கையிட்ட பிறகுதான் அது வனாந்தரத்துக்குப் போகிறது. கிளப் நிர்வாகங்களோ அறிக்கையை விட்டுவிட்டு ஆட்டை மட்டும் விரட்டுகின்றன. மான்செஸ்டர் யுனைடெட்டையே எடுத்துக்கொள்வோம். 2013இல் பயிற்சியாளர் ஃபெர்குசன் ஓய்வுபெற்றபின் மோயஸ், வான் கால், மொரின்யோ, சோல்ஷார், டென் ஹாக், அமோரிம் என வரிசையாக வந்தார்கள். லீக் பட்டம் ஒருவருக்கும் வாய்க்கவில்லை. அத்தனை பேருமே தகுதியற்றவர்களா? போர்ட்டோவுக்கும் இன்டருக்கும் சாம்பியன்ஸ் லீக் வென்று கொடுத்த மொரின்யோவுமா? நம்ப மனம் வரவில்லை.

2021 ஜனவரியில் லாம்பார்டை நீக்கி டூகெலைக் கொண்டுவந்த செல்சி, மே மாதமே சாம்பியன்ஸ் லீக்கை வென்றதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், நல்ல ஆட்டக்காரர்கள் கையிலிருந்தால் ஆள் மாற்றம் பலிக்கும். (அந்த டூகெலையும் 2022 செப்டம்பரில் அனுப்பிவிட்டார்கள் என்பது வேறு கதை.) ஆனால் நெதர்லாந்து லீக்கை ஆராய்ந்த பொருளியலாளர் பாஸ் டெர் வீல், சரிவில் பயிற்சியாளரை மாற்றாத அணிகளும் அதேபோல் மீண்டதைக் கண்டார். மீட்சிக்கு நாம் சூட்டும் பெயர்தான் புதியவருடையது. எனவே வேட்பாளரை நேர்காணலுக்கு அழைக்குமுன், எந்த ஆட்டக்காரரை யார் எதற்காக வாங்கினார்கள் என்று நிர்வாகம் எழுதி அவர்முன் வைக்கட்டும்.