தலையெழுத்து

எங்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் ஒரு தங்கமீன் இருக்கிறது. வாங்கி வந்தபோது சுண்டுவிரல் நீளம், துறுதுறுவென்று நீந்தும். வளர வளர வயிறு உருண்டது. கூடவே நீச்சலும் கோணிற்று. தீனி தின்றதும் வயிறு மேலே, முதுகு கீழே என்று மிதக்கும். வெகு பாடுபட்டுத்தான் நிமிரும்.

"பாவம் அப்பா, அதன் தலையெழுத்து!" என்றாள் என் பெண்.

தலையெழுத்துத்தானா?

மீனை மூழ்காமலும் மிதக்காமலும் நீரில் நிறுத்துவது அதன் உடலுக்குள் இருக்கும் காற்றுப்பை. சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன், சீனாவில் சோங் அரசர்கள் காலத்தில், கெண்டை இனத்துக் குளத்து மீனிலிருந்து தங்கமீனை வளர்த்தெடுத்தார்கள். அந்த மூதாதைக்கு நீண்ட உடம்பு. பின்னால் தொட்டிகளில் வளர்த்தவர்கள் உருண்டையே அழகென்று அவற்றையே பொறுக்கி இனம் பெருக்கினார்கள். குறுகிய உடம்பில் குடலும் காற்றுப்பையும் இடமின்றி நெருக்குகின்றன. இத்தகைய மீன்களின் தடுமாற்றத்துக்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

ஆக, எழுதியவன் பிரமன் அல்ல, மனிதனின் ரசனை. நானும் கடையில் நீள மீனை விட்டு உருண்டை மீனைத்தானே காட்டினேன்?

அழகை ரசிப்பது பாவம் என்று சொல்லவில்லை. ஆனால் நம் கண்ணுக்கு விருந்தாக ஓர் உயிர் அவதிப்படும்போது, அதை விதியென்று சொல்லி நழுவுவது நாணயமில்லை.

இப்போது தீனியை ஊறவைத்துப் போடுகிறேன். சில நாள் வேகவைத்த பட்டாணியைத் தோலுரித்துக் கொடுக்கிறேன். மீன் சற்றுத் தேறியிருக்கிறது. அடுத்த முறை கடைக்குப் போனால் என் விரல் எந்த மீனைக் காட்டும்? அதுதான் எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.