சந்தோஷமா? நோயின் எழுச்சியா?

  



மகிழ்ச்சி அல்லாஹ்வின் நிஃமத். தன் அருளையும் ரஹ்மத்தையும் கொண்டு நாம் மகிழ வேண்டும் என்று யூனுஸ் அத்தியாயத்தின் 58-வது வசனத்தில் அல்லாஹு தஆலா ஏவுகிறான். ஆனால் சிலருக்குச் சந்தோஷம் வந்தாலே கூடவே பயமும் வருகிறது. பைபோலார் என்ற இருதுருவ மனநோய் உள்ளவர்கள் அவர்கள். இந்நோயில் சில காலம் மனம் அடியோடு சோர்ந்துவிடும். சில காலம் அளவு மீறிப் பொங்கும். அந்தப் பொங்குதலை மருத்துவர்கள் மேனியா என்கிறார்கள்.

ஒரு சகோதரர் என்னிடம் கேட்டார்: "ஹஜ்ரத், பெருநாளன்னைக்கு வாய்விட்டுச் சிரிச்சாக்கூட, வீட்டுல 'மாத்திரை போட்டீங்களா'ன்னு கேக்குறாங்க. எனக்கே சந்தேகமா இருக்கு. இது அல்லாஹ் கொடுத்த சந்தோஷமா, நோயா?"

நாம் எல்லோரும் பதில் தெரிந்துகொள்ள வேண்டிய கேள்வி இது.

கஅப் (ரழி) அவர்களின் சந்தோஷம்

தபூக் போருக்குப் போகாமல் தங்கிவிட்ட கஅப் இப்னு மாலிக் (ரழி) அவர்களிடம் 50 நாட்கள் யாரும் பேசவில்லை. பிறகு அவர்களுடைய தவ்பா ஏற்கப்பட்ட செய்தி வந்தது. நற்செய்தி சொன்னவருக்குத் தம் இரு ஆடைகளையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, இரவல் ஆடை உடுத்திப் பெருமானார் (ஸல்) அவர்களிடம் போனார்கள். சொத்து முழுவதையும் ஸதகாவாகக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்கள். கொஞ்சத்தை உனக்கென்று வைத்துக்கொள், அதுவே உனக்கு நல்லது என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் சொன்னதும், கைபரில் இருந்த தம் பங்கை வைத்துக்கொண்டார்கள். புகாரியில் வரும் செய்தி இது.

கவனியுங்கள்! எவ்வளவு பெரிய சந்தோஷம்! ஆனாலும் "பொறு" என்ற சொல் அவர்கள் காதில் விழுந்தது. உண்மையான சந்தோஷம் ஆலோசனையைக் கேட்கும். மேனியாவில் இருப்பவரிடம் "பொறுங்க" என்று சொன்னால் அநேகமாகக் கோபம்தான் வரும்.

தூக்கம் சொல்லும் செய்தி

அபூதர்தா (ரழி) அவர்கள் இரவெல்லாம் நின்று வணங்க முனைந்தபோது, ஸல்மான் ஃபாரிஸீ (ரழி) அவர்கள் தடுத்துத் தூங்கச் சொன்னார்கள். ஸல்மான் சொன்னது சரி என்றார்கள் நபி (ஸல்) அவர்கள்.

நாள்கணக்கில் தூக்கம் குறைந்தும் களைப்பே இல்லை, பேச்சு நிற்கவில்லை, எண்ணங்கள் ஒன்றையொன்று துரத்துகின்றன, கடன் வாங்கிச் செலவு செய்கிறார், தான் வலீ ஆகிவிட்டதாகவும் தனக்கு மட்டும் தனிச் செய்தி வருவதாகவும் சொல்கிறார். இவை சேர்ந்து வந்தால் அதை இபாதத் என்று நினைத்துச் சும்மா இருக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

ஸ்ரீரங்கத்துக்கு ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம். காவிரி நிறைந்து ஓடினால் திருச்சிக்கே சந்தோஷம். ஆனால் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்தின் மதகுகள் அடித்துச் செல்லப்பட்டதைப் பார்த்தோம். இரண்டும் தண்ணீர்தான். ஒன்று மதகுக்குக் கட்டுப்பட்டது. மற்றொன்று மதகையே கொண்டுபோனது. மாத்திரையும் மதகு மாதிரி. ஆற்றை வற்றவைப்பது அதன் வேலை அல்ல. உணர்ச்சியே மரத்துப்போன மாதிரி இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவை அவர் சரிசெய்வார். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

குடும்பத்தாரின் கடமை

நல்ல நிலையில் இருக்கும்போதே உட்கார்ந்து பேசுங்கள். எந்த அடையாளம் தெரிந்தால் யார் சொல்வது, அப்போது ஏ.டி.எம். கார்டு யாரிடம் இருப்பது என்று முடிவு செய்யுங்கள். பொருளை நிர்வகிக்க இயலாதவரின் கையில் செல்வத்தை விடாமல், அவருக்கு உணவும் உடையும் கொடுத்து, கனிவாகப் பேசச் சொல்கிறது நிஸா அத்தியாயத்தின் 5-வது வசனம். பணத்தைப் பாதுகாப்பதும் கனிவும் ஒரே வசனத்தில் வருகின்றன.

ஆனால் ஒவ்வொரு சிரிப்பையும் சந்தேகிக்காதீர்கள். மகளுக்கு நிக்காஹ் முடிந்தது, சிரிக்கிறார், இரவு நன்றாகத் தூங்குகிறார், சொன்னதைக் கேட்கிறார் என்றால் அது அல்லாஹ் கொடுத்த சந்தோஷம். நீங்களும் சேர்ந்து சிரியுங்கள்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். அந்த வேதனையை நாம் மறக்கக் கூடாது. சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் தடுக்கிறது. துஆவும் வேண்டும், தவாவும் வேண்டும். திருச்சி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணில் இலவச ஆலோசனையும் கிடைக்கும். லித்தியம் சாப்பிடுபவர்கள் ரமளானுக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். உடலில் நீர் குறைந்தால் அந்த மருந்து ரத்தத்தில் கூடிவிடும். நோயாளிக்கு நோன்பில் சலுகை தந்தவன் அல்லாஹ்வே.

யா அல்லாஹ்! நோயுற்றோருக்கு ஷிஃபாவைத் தருவாயாக! அவர்கள் பயமின்றிச் சிரிக்கும் நாட்களைத் தருவாயாக! அவர்களைத் தாங்கும் குடும்பத்தாருக்குப் பொறுமையைத் தருவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.